கரை பார்க்க வந்தவர்

ஏரியில் படகு விடத் தொடங்கி ஆறு வருடமாகியும் அந்தக் கரையின் வெளிப்பக்கத்தில் நான் ஒருநாள்கூட இறங்கிப் பார்த்திருக்கவில்லை. உள்பக்கம் தண்ணீர், மேலே நடக்கிற வழி, வெளிப்பக்கம் முள்ளுச்செடி. எனக்குத் தெரிந்த கரை அவ்வளவுதான். அது வெறும் மண் என்பதும், இத்தனை தண்ணீரையும் அந்த மண்தான் பிடித்து வைத்திருக்கிறது என்பதும் தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டுச் சுவர் கூரையைத் தாங்குவதை யார் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் ஷிப்டு வேலை பார்த்தேன். ஒரே மாதிரி அழுத்தி அழுத்தி வலது மணிக்கட்டு வீங்கிப் போனது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், எங்கள் ஊர் ஏரிக்கரையைப் பூங்காவாக்கிப் படகு விடப்போகிறார்கள், மகளிர் குழுவுக்குத்தான் கொடுப்பார்கள் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பேச்சு வந்தது. நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கே கிடைத்தது. காலால் மிதித்து ஓட்டும் படகு எட்டு. அதில் இரண்டுக்கு அன்னத்தின் தலையும் கழுத்தும் வைத்திருக்கும்.

ஏரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாகூர் ஏரியின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். எங்கள் ஊர் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எல்லா வயலுக்கும் போர்வெல் போட்ட பிறகு, பாசனத்துக்கு இந்தத் தண்ணீரை யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டியிலிருந்தும் கடலூர் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டியில் வருவார்கள். பிள்ளைகள் அன்னப் படகில்தான் ஏறுவேன் என்று அடம் பிடிக்கும். கரைக்கு வெளிப்பக்கம், கரையைவிடத் தாழ்ந்த இடத்தில், முப்பத்தைந்து நாற்பது வீடுகள் இருக்கின்றன. ஒரு அங்கன்வாடியும் இருக்கிறது. அதைத் தாண்டினால் கரும்பு.

அந்தப் பொறியாளர் முதல்முறை வந்தது ஒரு ஆடி மாதம். நீர்ப்பாசனப் பிரிவில் ஜூனியர் என்ஜினியர். முப்பது வயதுக்குமேல் சொல்ல முடியாது. நெட்டப்பாக்கம் பக்கத்துப் பெண். ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். காலில் ரப்பர் பூட்ஸ். கையில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. நாங்கள் நாற்காலி போட்டு டீ வாங்கிவர ஆள் அனுப்பினோம். அவர் உட்காரவில்லை. கரைமேல் ஏறி, நேராக அந்தப் பக்கம் முள்ளுக்குள் இறங்கினார்.

"மேடம், அங்க இன்னா பாக்கப் போறீங்க? பாம்பு இருக்கும்" என்றேன்.

"பாம்பு இருந்தாலும் பாக்கணுங்க்கா. அது வளை போட்டிருந்தா அதயும் பாக்கணும்" என்றார் கீழிருந்து.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் கரையின் அடியிலேயே நடந்தார். அங்கங்கே நின்று கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தார். எலி வளை, நண்டு வளை தென்பட்ட இடத்திலெல்லாம் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். மேலே வந்தபோது சுடிதார் முழுக்க ஒட்டுப்புல். கூலியாள் வைத்துச் செய்யச் சொல்லி எங்களிடம் ஒரு பட்டியலைப் போல வேலை சொன்னார். வேலிக்காத்தான் முள்ளை வெட்டணும். வளையையெல்லாம் தோண்டி நல்ல மண் போட்டு இடிக்கணும். அழகுக்காகக் கரைமேல் நட்டு வைத்திருக்கும் கன்றுகளைப் பிடுங்கணும். மதகு ஷட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது, அதைக் கழற்றிக் கிரீஸ் போட ஆள் அனுப்புவேன், நீங்கள் இருந்து பார்க்கணும்.

கன்றுகள் நான் நட்டவை. போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு நிழல் வேண்டும் என்று தேடி வாங்கி வந்த கொன்றை. எனக்குச் சுருக்கென்றது.

"மரம் இருந்தா கரைக்குப் பலந்தான மேடம்" என்றேன்.

"உயிரோட இருக்கற வரைக்கும் சரிக்கா. செத்துப் போச்சுன்னா வேர் உள்ள மக்கிப் போவும். அது போன வழி கரைக்குள்ள பைப்பு மாதிரி நிக்கும். தண்ணி அந்த வழியத்தான் தேடும்."

சொல்லிவிட்டு அவரே குனிந்து ஒரு கன்றை வேரோடு மெதுவாக எடுத்து, மண்ணோடு ஒரு சாக்கில் வைத்து என்னிடம் கொடுத்தார். "வூட்டுப் பக்கம் வையுங்க. பொழச்சுக்கும்."

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். மழையோ வெயிலோ, வந்தால் முதலில் கரையின் அடி. ஓரிடத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசிந்து சின்ன வாய்க்காலாக ஓடும். அங்கே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்து, அது நிரம்ப எத்தனை நேரமாகிறது என்று போனில் பார்ப்பார். பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இரண்டையும் நோட்டில் எழுதுவார். எங்கள் குழுவில் ஒருத்தி, எதையும் கிண்டல் செய்கிறவள், அவருக்குக் 'கரை டாக்டர்' என்று பேர் வைத்தாள். "வந்துட்டாங்கடி, கரைக்கு நாடி புடிச்சுப் பாக்க" என்பாள். நாங்கள் சிரிப்போம். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒருநாள் அவரே, "டாக்டர் வந்திருக்கன், பேஷண்ட் எப்டி இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்தக் கசிவைக் கரைமேல் நின்று பார்த்து நான் ஒருமுறை பயந்து கேட்டேன். அவர் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"மண் கரைன்னா கசியத்தான் செய்யுங்க்கா. கசியறது தப்பில்ல. தெளிஞ்ச தண்ணி வந்தா பயப்படாதீங்க. கலங்கலா வந்துதுன்னா, வர்றது தண்ணி மட்டும் இல்ல, கரையே கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருதுன்னு அர்த்தம். அப்ப எனக்குப் போன் பண்ணுங்க. எத்தன மணியானாலும் பண்ணுங்க."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டும், எங்கள் படகுத்துறைக் கொட்டகையில் அவர் ஒட்டிவைத்துப் போன 'காலையில் பார்க்க வேண்டியவை' என்ற தாளுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டும்தான், நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அதற்கு முந்தைய கோடையில் ஏரி வற்றி, படகுகள் சேற்றில் குந்திவிட்டன. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பள்ளி விடுமுறை. வந்த கூட்டமெல்லாம் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்த நினைப்பு எங்களை விடவில்லை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையின் தெற்குக் கோடியில் கலிங்கு இருக்கிறது. கருங்கல்லில் கட்டிய தாழ்ந்த சுவர். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் அந்தச் சுவர்மேல் வழிந்து போவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. இதில் ஒரு முழம் நிறுத்தி வைத்தால் அடுத்த கோடைக்கு ஆகுமே என்று தோன்றியது.

பொறியாளர் அப்போது இரண்டு வாரமாக வரவில்லை. மழைக்காலம் என்பதால் பல ஏரிகளுக்கு அவரை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குழுவில் சொன்னேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை விட்டிருந்த ஒரு பகலில் ஏழு பேருமாகச் சிமெண்டுச் சாக்குகளில் மணல் நிரப்பி, கலிங்குச் சுவர்மேல் இரண்டடுக்கு வைத்தோம். முப்பது மூட்டைக்குமேல் இருக்கும். வேலை முடிந்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பொறியாளருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் சொல்லலாம் என்றும் நினைத்தேன்.

கார்த்திகையில் புயல் சின்னம் என்றார்கள். இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் தணிந்தது. நான் படகுகளைக் கட்டியிருந்த கயிறுகளைப் பார்க்க வந்தேன். தண்ணீர் எங்கள் படகுத்துறைப் படிகளையெல்லாம் மூழ்கடித்துவிட்டு, கரையின் உச்சியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய ஸ்கூட்டி ஏற்கெனவே நின்றிருந்தது. கரையின் அடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டார்.

"அக்கா, கொஞ்சம் எறங்கி வாங்க. பாத்து வாங்க."

முதல்முறையாக அந்தப் பக்கம் இறங்கினேன். மதகுக்கும் கலிங்குக்கும் நடுவில், கரையின் அடியில், புல்தரையில் ஒரு இடத்தில் தண்ணீர் கொதிக்கிற உலை மாதிரி குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மெல்லிய மணல் ஒரு சின்ன எறும்புப் புற்றைப் போலக் குவிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குவியல் பெரிதானது. அவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே டீ மாதிரி இருந்தது.

திரும்பினால் பின்னால் நூறு தப்படியில் முதல் வீடு. வாசலில் ஒரு குழந்தையின் சைக்கிள் நனைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலக்கா" என்றார். "இந்த மழைக்குத் தண்ணி இந்த அளவுதான் ஏறணும். ஒரு முழம் ஜாஸ்தி நிக்குது. கலிங்குல அடைப்பு ஏதாவது இருக்கா?"

மூட்டைகள் தண்ணீருக்கடியில் இருந்தன. வெளியே தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடத்துக்கு நம்பியிருப்பார். அப்படிச் சொல்ல வாய் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"நாந்தான் மேடம் மூட்ட வெச்சன்" என்றேன். "ரெண்டடுக்கு. கோடைக்குத் தண்ணி நிக்கட்டும்னு."

என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது இதுதான்: "மொத்தம் எத்தன மூட்ட? மணலா, மண்ணா? சாக்கு நல்லா இருக்கா?"

சொன்னேன்.

"சரி. அது நமக்கு வேணும். கெளம்புங்க, உங்க ஆளுங்கள வரச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்ததையெல்லாம் நான் கூடவே இருந்து பார்த்தேன். பதினோரு வருடக் கம்பெனி வேலையில், மெஷின் நின்றுபோனால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்துகிற சூப்பர்வைசர்களைப் பார்த்தவள் நான். இவர் குரல் ஒருமுறைகூட ஏறவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டார். அவர் வேறு ஏரியில் இருந்தார். வந்துசேர மூன்று மணி நேரமாகும் என்றார். "சார், கலங்கல் தண்ணி சார். நான் ஆரம்பிச்சுடறன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மதகைத் திறக்கச் சொன்னார். ஆடியில் கிரீஸ் போட்ட ஷட்டர், இரண்டு பேர் திருகியதும் சத்தமில்லாமல் ஏறியது. அன்றைக்கு அது துருவோடு கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

கலிங்கு மூட்டைகளை எடுக்க ஓடப்போன என்னை அவர்தான் நிறுத்தினார்.

"மொதல்ல ஜனங்க. அப்புறந்தான் மூட்ட. அத்தனயும் ஒரே நேரத்துல எடுத்தீங்கன்னா வாய்க்கால் தாங்காது, தண்ணி அவங்க வூட்டுக்குத்தான் போவும்."

வீடுகளில் பாதிப் பேர் சொன்னதும் கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கிறது. மழைக்கு லீவு விட்டிருந்ததால் காலியாகவும் இருந்தது. மீதிப் பேர், முதல் வீட்டுக் கொத்தனார் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் கதவில் சாய்ந்து நின்று, "மழன்னா வருஷா வருஷம் பேயுது மேடம். இதுக்கெல்லாம் வூட்ட வுட்டுப் போனா வருஷத்துக்கு நாலு தபா போவணும்" என்றார்.

பொறியாளர் வாதாடவில்லை. "அண்ணா, அஞ்சு நிமிஷம் எங்கூட வாங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று அவரைக் கூட்டிப் போனார். அந்த இடத்தில் அவரைக் குனிய வைத்து, குமிழ் விடுகிற தண்ணீருக்குள் கையை வைக்கச் சொன்னார். அவர் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. வாழ்க்கை முழுக்க மணலும் மண்ணும் சலித்த கை அது. எடுத்து, விரலிடுக்கில் தங்கிய மணலைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது அடி மண்ணு" என்றார். "உள்ளேருந்து வருது."

"ஆமாண்ணா."

அவர் திரும்பிப் போய்த் தன் வீட்டுக் கதவைப் பூட்டினார். அதற்கப்புறம் தெருவில் ஒவ்வொரு கதவாக அவரே தட்டினார். "கெளம்புங்க, கெளம்புங்க, நான் கைய வுட்டுப் பாத்துட்டன்." அரை மணி நேரத்தில் தெரு காலியானது. அங்கன்வாடி ஆயம்மா கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுக் கடைசியாக வந்தாள்.

இப்போது மூட்டைகள். கலிங்கிலிருந்து மேலடுக்கை மட்டும் முதலில் எடுப்பது, வாய்க்கால் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பது என்று சொன்னார். அந்த மூட்டைகளைக் கொண்டு வந்து குமிழைச் சுற்றி வட்டமாக அடுக்க வேண்டும். ஆனால் கரைமேல் சேறு முழங்கால் வரை. நனைந்த மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அதில் நடந்தால் ஒரு மூட்டைக்குக் கால் மணி நேரம் ஆகும். நான்தான், "மேடம், படகுல ஏத்திட்டு வந்துடலாம்" என்றேன். அவர் ஏரியைப் பார்த்தார். காற்று நின்றிருந்தது. "கரையோரமாவே வரணும், கலிங்குக்கு ரொம்பக் கிட்டப் போவக் கூடாது, எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போடணும். சம்மதம்னா போங்க" என்றார்.

அப்படித்தான் அந்தக் காலையில் இரண்டு அன்னப் படகுகளில் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு, எங்கள் குழுவிலேயே நீச்சல் தெரிந்த நான்கு பேர் மிதித்து வந்தோம். படகுக்கு நான்கு மூட்டைதான் தாங்கும். கிண்டல்காரி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்தாள். அன்றைக்கு அவள் வாயில் மூட்டைக் கணக்கு மட்டும்தான் ஓடியது. கொத்தனாரும் அவர் கூட வேலை செய்கிறவர்களும் கரைமேல் நின்று மூட்டைகளை வாங்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

வட்டம் முழங்கால் உயரம் வந்ததும், உள்ளே போட முதலில் பெருமணலும் மேலே சின்ன ஜல்லியும் வேண்டும் என்றார் பொறியாளர். தண்ணீரை அடைக்கக் கூடாதாம். அடைத்தால் அது வேறு இடத்தில் கிளம்பும். தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வராமல் நிற்கட்டும், அதற்குத்தான் மணலும் ஜல்லியும் என்று கொத்தனாருக்கு விளக்கினார்.

"வடிகட்டி மாதிரி" என்றார் கொத்தனார்.

"அதே தாண்ணா."

"என் வூட்டு மாடிக்கு எறக்கன மணலும் ஜல்லியும் இருக்குது. எடுத்துக்கலாம்."

அவருடைய மணலும் ஜல்லியும் சட்டி சட்டியாக அந்த வட்டத்துக்குள் போயின. மேலதிகாரி வந்துசேர்ந்தபோது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. அவர் சுற்றி வந்து பார்த்தார். எதையும் மாற்றச் சொல்லவில்லை. லாரியில் இன்னும் மூட்டை வரவழைத்து, கரையின் அடியை நீளத்துக்கும் பலப்படுத்த ஏற்பாடு செய்தார்.

பொறியாளர் அரை மணிக்கு ஒருமுறை பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். தீர்ந்த சோடா பாட்டில்களை எங்கள் படகுத்துறைக் கொட்டகையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் நேரத்தை எழுதி, கொட்டகை மேசையில் வரிசையாக வைத்தார். முதல் பாட்டில் டீ. நான்காவது, கழுவின அரிசித் தண்ணீர். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கடைசி பாட்டிலின் வழியாக அந்தப் பக்கம் இருந்த சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. ஏரியும் ஒரு முழம் இறங்கியிருந்தது. அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். காலையில் வாங்கி வைத்து ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டார். பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது.

நாங்கள் ஏழு பேரும் சுற்றி நின்றிருந்தோம். எங்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேடம், ரிப்போர்ட்டுல மூட்ட விஷயத்த மட்டும் வுட்டுடுங்களேன். எங்க பொழப்பே இதான்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வுட முடியாதுக்கா. நான் வுட்டா, இன்னொரு ஏரில இன்னொருத்தர் இதயேதான் செய்வாங்க. அவங்களும் நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்வாங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க கேட்டதும் உண்மைய சொன்னீங்கன்னும் எழுதுவன். மூட்டய எடுத்துட்டு வந்ததும் நீங்கதான்னும் எழுதுவன். நடந்தது பூராவும் எழுதுவன்."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. நாளெல்லாம் மணல் சுமந்தோம், இவ்வளவு இரக்கம்கூட இல்லையா என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். அதன் நியாயம் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

படகு விடுவதை நிறுத்தினார்கள். எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அவருடைய அறிக்கை அங்கே மேசைமேல் இருந்தது. விசாரித்த அதிகாரி அதிலிருந்து ஒரு வரியைப் படித்தார். 'கேட்டவுடன் மறைக்காமல் தெரிவித்ததால் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்க முடிந்தது' என்று இருந்தது. எச்சரித்து அனுப்பினார்கள். கரை சரியாகும்வரை படகு கூடாது. அதன் பிறகு, அவர்கள் சொல்லும் விதிப்படி நடந்தால் ஏரி எங்களுக்கே.

தை முடிந்து தண்ணீர் வடிந்ததும் அந்த இடத்தைத் தோண்டினார்கள். வேடிக்கை பார்க்க ஊரே நின்றது. உள்ளே தொடை கனத்துக்கு ஒரு பொந்து ஓடியது. அதற்குள் கறுத்து மக்கிய நார் நாராக ஏதோ இருந்தது. எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் முன்பு ஒரு பெரிய புளியமரம் நின்றது. பூங்கா வந்தபோது, ஏரி நன்றாகத் தெரிய வேண்டும் என்று அதை வெட்டினார்கள். அடிமரத்தை மண் போட்டு மூடிவிட்டார்கள். வேர் கரைக்குள்ளேயே இருந்து மக்கிப்போயிருக்கிறது. கொன்றைக் கன்றுகளைப் பிடுங்கியபோது அவர் சொன்னது அப்படியே கண்முன்னால் கிடந்தது. அவர் என் பக்கம் திரும்பி, 'பாத்தீங்களா' என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. தோண்டிய குழிக்குள் இறங்கி, பொந்து எதுவரை போகிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

கரையைத் திரும்பக் கட்டும் வேலையில் நாங்களும் கூலிக்குப் போனோம். அரை அடி அரை அடியாகக் களிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, அது இறுகியிருக்கிறதா என்று அவர் பார்த்த பிறகுதான் அடுத்த அடுக்கு. சரியில்லை என்றால் திரும்பப் பெயர்க்கச் சொல்வார். ஒருநாள் ஒரே அடுக்கை மூன்று முறை போட்டோம். இடுப்பு ஒடிந்தது. கடைசியில் சரிவு முழுக்கப் புல் கரணை பதித்தோம். அந்தக் கரையில் என் கை படாத இடம் குறைவு. இப்போது யாராவது அதன்மேல் பைக் ஏற்றினால் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு படகுகள் இறங்கின. மதகுப் பக்கம் அளவுக்கல் நட்டு, அதில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் படகு இல்லை. கலிங்குமேல் ஒரு செங்கல்கூட யாரும் வைக்கக் கூடாது. காலையில் கரையின் அடியில் நடப்பது இப்போது என் வேலை. முதல் மழைக்காலத்தில் எதைப் பார்த்தாலும் பயம். ஒருநாள் ஓரிடத்தில் புல் ஈரமாக இருக்கவும், காலை ஆறு மணிக்கே போன் போட்டுவிட்டேன். அவர் நெட்டப்பாக்கத்திலிருந்து நனைந்துகொண்டு வந்தார். பார்த்தால், ஒரு வீட்டுக் குளியலறைத் தண்ணீர் குழாய் உடைந்து அந்தப் பக்கம் வந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மன்னிச்சுக்கங்க மேடம். சோப்பு வாசம் வந்துதான்னு மோந்து பாத்திருக்கணும்."

"இப்டி நூறு தபா கூப்புடுங்கக்கா. நூறும் சோப்புத் தண்ணியாவே இருக்கட்டும்" என்றார். அந்த வீட்டில் குழாயை மாற்றச் சொல்லிவிட்டு, வந்ததற்குக் கரை முழுக்க ஒரு நடை நடந்துவிட்டுத்தான் போனார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பியும் பூட்ஸும் இல்லாமல், புடவை கட்டிக்கொண்டு, அம்மாவையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு நிமிடம் யாரென்றே தெரியவில்லை. மகள் நேராக அன்னப் படகுக்கு ஓடியது. நானே அவர்களோடு ஏறினேன். படகு துறையை விட்டு விலகியதும் பார்க்கிறேன், அவர் பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா மேடம்?"

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. சின்ன வயசுலேருந்தே தண்ணின்னா பயம். யாருக்கும் சொல்லிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கார்த்திகை காலையில், பன்னிரண்டு அடி தண்ணீரைத் தாங்கிய கரைக்குக் கீழே, கொதிக்கிற மண்ணுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றவர் இவர். மிதிப்பதை நிறுத்திவிட்டு, "திரும்பிடலாமா?" என்று கேட்டேன்.

மகள் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தது. அவர் அதன் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அவ ஆசப்படறா. கரையோரமா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றார்.

நான் மெதுவாக மிதித்தேன். கலிங்குப் பக்கம் வரை போய்த் திரும்பினோம். அவர் அம்மா வழியெல்லாம் மகளின் கல்யாணத்தில் நடந்த ஏதோ ஒரு குழப்பத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். துறையில் இறங்கியதும் சின்னது இன்னொரு சுற்று வேண்டும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டது. பாட்டியையும் பேத்தியையும் என்னோடு படகில் அனுப்பிவிட்டு, அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையின் வெளிப்பக்கம் இறங்கிப் போனார்.